ரவிக்கைக்குத் துணி எடுப்பதுபோல் சுவருக்கு நிறம் எடுங்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனியில் எங்கள் கூடத்துச் சுவருக்கு இளம் ரோஸ் அடித்தேன். கடை அட்டையில் பார்த்தபோது பன்னீர் ரோஜா இதழ் மாதிரி இருந்தது. அடித்து முடித்த மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பார்த்தால், பாத்திரம் துடைத்த துணி மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது. பெயிண்டர் தம்பி, "பெயிண்ட்டுல கலப்படம்க்கா" என்றார். அத்தை, கண் பட்டுவிட்டது என்றார். இரண்டும் இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் அதற்கு முந்தின தீபாவளிக்குத்தான் தங்கள் வீட்டுக்குக் கிளிப்பச்சை அடித்திருந்தார்கள். வெயில் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி, எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பச்சை வெளிச்சத்தில் ரோஸ் எப்படி ரோஸாக நிற்கும்?

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். புடவைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி எடுக்கப் போகிறவர்கள் யாரும் கடைக்குள்ளே டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். புடவையையும் துணியையும் கையில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எண்பது சென்டிமீட்டர் துணிக்கே இந்தப் பாடு. ஒரு முழுக் கூடத்துக்கு நிறம் எடுக்கப் போன நான், அட்டையில் விரலை வைத்து "இது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் சித்திரைத் தேருக்கு முன்னால் வெளிர் நிறங்களில் வீட்டைக் கொஞ்சம் மாற்றி வைக்கிறேன். தேருக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், அது ஒரு சாக்கு. வாடிக்கையாக வருகிற இரண்டு மூன்று பேர், "எப்படி இப்படி வைத்தீர்கள்" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இளவேனில் என்று பெயர் என்னவோ இளமையாகத்தான் இருக்கிறது. சித்திரையும் வைகாசியும் திருச்சியில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குளிர்நாட்டில் மாதக்கணக்காக மங்கலாகக் கிடந்த வீட்டுக்கு வசந்தத்தில் கொஞ்சம் மஞ்சளும் ரோஸும் சேர்த்து வெதுவெதுப்பாக்குகிறார்கள். அவர்கள் தேவை அது. நமக்கு நேர் எதிர். தெருவில் நடந்து கண் கூசி உள்ளே வருகிறவருக்குக் கண் அடங்க வேண்டும். அதனால் அவர்கள் படங்களைப் பார்த்து அப்படியே நிறம் எடுத்தால் சரிவராது. சுத்த வெள்ளையும் நமக்கு உதவாது, நடுப்பகலில் அதுவே கூசும். நான் எடுக்கிறவை மோர் வெள்ளை, நுங்கு நிறம், கத்தரிப்பூ, இளம்பிஸ்தா, வெங்காயச் சருகு. இந்தப் பெயர்களெல்லாம் புடவைக்கடைப் பெயர்கள். பெயிண்ட் கடையில் சொன்னால் சிரிப்பார்கள், பரவாயில்லை.

தரைதான் புடவை

ரவிக்கைக்குத் துணி எடுக்கும்போது புடவை ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதை மாற்ற முடியாது. வீட்டில் அந்தப் புடவை, தரை. சுவர் ரவிக்கை. திரையும் விரிப்பும் வளையல், பூ மாதிரி. இந்த வரிசையில் யோசித்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

எங்கள் தரை பழைய சிவப்பு ரெட் ஆக்சைடு. அரக்கு நிறப் புடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரக்குப் புடவைக்குப் பச்சை ரவிக்கை என்பது நம் பாட்டிமார் காலத்துப் பொருத்தம். அந்தப் பச்சையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிக் கரைத்தால் எப்படி இருக்குமோ, அந்த இளம்பிஸ்தாவைத்தான் அடுத்த வருஷம் கூடத்துக்கு அடித்தேன். எதிர்வீட்டுக் கிளிப்பச்சையும் இப்போது எனக்குத்தான் வேலை செய்கிறது. பதினோரு மணிக்கு அந்த வெளிச்சம் விழும்போது சுவர் சாம்பலாகவில்லை, இன்னும் கொஞ்சம் தளிர்க்கிறது.

உங்கள் தரை வெள்ளை டைல்ஸ் என்றால் வெளிர் நிறத்தில் எதையும் எடுக்கலாம். ஆனால் எல்லாமே வெளுத்துப் போய் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும் ஆபத்து உண்டு, அதற்கு வழி பின்னால் சொல்கிறேன். கறுப்புச் சில்லுகள் போட்ட பழைய மொசைக் தரைக்குக் கத்தரிப்பூ நிறம் அழகாக ஒட்டும். பல நிறத்தில் பூவேலை செய்த ஆத்தங்குடிக் கல் போட்டிருந்தால் சுவரை விட்டுவிடுங்கள். தரையே பேசும்போது சுவரும் சேர்ந்து பேசக்கூடாது. மோர் வெள்ளை போதும்.

பல்பை மாற்றிவிட்டுப் பெயிண்ட் வாங்குங்கள்

இதை யாரும் சொல்வதில்லை. பல்ப் டப்பாவில் 6500 கே, 4000 கே, 3000 கே என்று ஒரு எண் போட்டிருக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 6500, நீலம் கலந்த பளீர் வெள்ளை. அதில் வெங்காயச் சருகு நிறமும் பீச் பழ நிறமும் சாம்பலாகிவிடும், இளநீலம் பல் கூசுகிற மாதிரி இருக்கும். 3000 மஞ்சள் வெளிச்சம். அதில் ரோஸும் பீச்சும் உயிர் பெறும், ஆனால் கத்தரிப்பூ மங்கிப் பழுப்பாகத் தெரியும், இளநீலம் லேசாகப் பச்சையடிக்கும். 4000 நடுவில் நிற்கும். பச்சை, நீலம், கத்தரிப்பூ பக்கம் போகிறவர்கள் 4000 போடுங்கள். ரோஸ், பீச் பக்கம் போகிறவர்கள் 3000. என் தையல் மிஷினுக்கு மேலே மட்டும் 6500 வைத்திருக்கிறேன். கறுப்பு ரவிக்கையில் கறுப்பு நூல் கோர்க்க அது வேண்டும். கூடத்தில் வேண்டாம்.

பகல் வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை பிறந்து நாலைந்து நாளில் எங்கள் ஊரில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும், நிழல் காலடியிலேயே விழும். அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகச் சூரியன் உள்ளே வராது. வருவதெல்லாம் தெருவிலும் எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம். அதனால் ஜன்னலைத் திறந்து எதிரே என்ன நிறம் என்று பாருங்கள். வேப்பமரமா, தகரக் கொட்டகையா, கிளிப்பச்சை வீடா. அதுவும் உங்கள் கூடத்துக்குள் ஒரு கை பெயிண்ட் அடிக்கும்.

தாம்பூலத்தில் வந்த பிட்டுகள்

எல்லார் வீட்டிலும் பீரோவின் அடித்தட்டில் ஒரு கட்டு இருக்கும். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கை பிட்டுகள். எந்தப் புடவைக்கும் பொருந்தாமல், அடுத்த வீட்டு நவராத்திரிக்குக் கைமாறக் காத்திருப்பவை. அதைப் பிரியுங்கள். பளபளக்கிற பாலியஸ்டரை ஒதுக்குங்கள். பருத்தியில் வெளிர் நிறமாக ஆறேழு தேறும். அவற்றைச் சுவரில் வரிசையாகக் குண்டூசியாலோ டேப்பாலோ ஒட்டி மூன்று நாள் விடுங்கள். காலை எட்டு மணிக்கு, மதியம் இரண்டு மணிக்கு, இரவு விளக்குப் போட்ட பிறகு என்று போகிற போக்கில் பார்த்தால் போதும். உட்கார்ந்து முறைத்துப் பார்க்க வேண்டாம். அப்படிப் பார்த்தால் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். மூன்று வேளையும் முகம் சுளிக்க வைக்காதது எதுவோ அதுதான் உங்கள் நிறம்.

அந்தப் பிட்டை எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போய், நிற அட்டைப் புத்தகத்தைக் கடைக்கு வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். முனகுவார்கள், கொடுப்பார்கள். அட்டையில் பொருத்தம் கிடைத்ததும் அதைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள். சின்ன அட்டையில் மென்மையாக இருப்பது பத்தடிச் சுவரில் ஏறும்போது ஒரு சுற்று கனத்துவிடும். நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை ஒன்று மேலே வாங்கிப் போடும். சின்ன டப்பா ஒன்று வாங்கி, ஒரு சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்துக் காயவைத்து, அதையும் இரண்டு நாள் சுவரில் இடம் மாற்றி ஒட்டிப் பாருங்கள். சுவரில் நேராகத் திட்டுத் திட்டாக அடித்துப் பார்த்தால் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும்.

நாலு சுவரும் அடிக்கத் தேவையில்லை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஒன்று போதும், வெளிச்சம் விழுகிறது அங்கேதான். பத்தடிக்குப் பத்தடிச் சுவருக்கு இரண்டு கோட் அடிக்க ஒரு லிட்டர் வாங்கினேன், கொஞ்சம் மிஞ்சியது. வாடகை வீடு என்றால் முதலில் கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுக்கார மாமி, "அடிச்சுக்கோம்மா, போறப்போ வெள்ளையாக்கிக் குடுத்துடு" என்றார். அவ்வளவுதான்.

முற்றத்துக்குச் சுண்ணாம்பு

பின்கட்டு முற்றத்துச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கவே மாட்டேன். அங்கே சுண்ணாம்பும் நீலமும்தான். அந்த மங்கிய நீலத்தை எந்த டப்பாவிலும் நான் பார்த்ததில்லை. சுவரில் ஏற்கெனவே எமல்ஷன் அடித்திருந்தால் சுண்ணாம்பு பிடிக்காது, பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய சுண்ணாம்புச் சுவரோ, பூசி விட்டிருக்கும் வெறும் சிமெண்ட்டோ ஆனால் பிடிக்கும்.

ஒரு கிலோ கல் சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், கொதிக்கிற கொதியில் இளகிவிடும். இரும்பு டிரம்மில் தண்ணீரை ஊற்றிவிட்டு, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் விளையாட்டில்லை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் கலக்கி, பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு கைப்பிடி உப்பை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் தயார். நீலப் பொடியைத் துணியில் முடிந்து உள்ளே விட்டு அலசுங்கள். பொடி நீலம்தான். துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் சாயம், ஒரு கோடை தாங்காது.

ஈரத்தில் பார்த்து நிறத்தை எடை போடாதீர்கள். அடித்தவுடன் அழுத்தமாக, சீராக இல்லாதது போல் தெரியும். காயக் காயத்தான் வெளுத்து ஒன்றுபோல் ஆகும். முதலில் ஒரு செங்கல்லில் அடித்துக் காயவைத்துப் பாருங்கள். சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, வெயில் ஏறும் முன் மெல்லிசாக மூன்று கோட். வெயிலில் அடித்தால் சட்டென்று காய்ந்து, சாய்ந்தால் முதுகில் ஒட்டும்.

இளமஞ்சள் வேண்டுமென்றால் மஞ்சள் காவிப் பொடி. சமையல் மஞ்சளைப் போட்டுவிடாதீர்கள். போன வருஷம் உதவி செய்கிறேன் என்று வந்த என் அண்ணன் மகள் இரண்டு கரண்டி மஞ்சள்பொடியைப் போட்டுக் கலக்கிவிட்டாள். வாளி நிறைய ஆலம்! அத்தை, "சுத்திப் போட்டு வாசல்ல ஊத்து, அதாவது மிச்சம்" என்றார்.

துணிதான் என் பேட்டை

பெயிண்ட் எதுவும் அடிக்காமல் திரையை மட்டும் மாற்றினாலே வீடு பாதி மாறிவிடும். அதற்குப் புதுத் துணி வாங்காதீர்கள் என்பது என் கட்சி. பல வருஷம் துவைத்து வெளுத்த பருத்திப் புடவையின் நிறத்தை எந்த மில்லும் நெய்து தராது.

என் கூடத்து ஜன்னலில் தொங்குவது அம்மாவின் சுங்குடி. வாங்கியபோது நல்ல கத்தரிக்காய் நிறம், இப்போது கத்தரிப்பூ. அதைத் தரையில் முழுதாக விரித்தபோதுதான் பார்த்தேன், நிறம் ஒரே மாதிரி போகவில்லை. இடுப்பில் சொருகிய முனை இன்னும் அழுத்தமாகவே இருந்தது. கொசுவம் வந்த இடத்தில் மடிப்புக்கு மடிப்பு ஒரு வரி வெளுத்து, ஒரு வரி தங்கி, இலை நரம்பு மாதிரி ஓடியது. தோளில் கிடந்த பகுதிதான் ரொம்ப வெளிறியிருந்தது. வெள்ளைப் புள்ளிகளுக்கும் நிறத்துக்கும் அங்கே வித்தியாசமே தெரியவில்லை. அந்த வெளிறிய பக்கம் மேலேயும் அழுத்தமான பக்கம் கீழேயும் வருமாறு வைத்துத் தைத்தேன். காலையில் வெளிச்சம் வரும்போது மேலிருந்து கீழே நிறம் இறங்கி வருவதுபோல் இருக்கும்.

செய்முறை சுலபம். புடவையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து நைந்த இடங்களைப் பாருங்கள். இரண்டு கட்டைவிரலாலும் லேசாக இழுத்தால் 'சர்' என்று சத்தம் வருகிற இடத்தைத் தள்ளிவிடுங்கள். பதினெட்டு அடிப் புடவையில் ஏழரை அடியாக இரண்டு துண்டு வரும். கத்தரிக்கோலால் வெட்டாமல், ஓரத்தில் ஒரு வெட்டுக் கொடுத்துக் கையால் கிழித்தால் இழையோடு நேராகப் போகும். மேலே கம்பி நுழைய மூன்று அங்குல மடிப்பு, கீழே நாலு அங்குலம். கீழ் மடிப்பு கனமாக இருந்தால்தான் ஃபேன் காற்றில் பறக்காது. கரை இரண்டு பக்கமும் நெட்டாக வரும், அதை வெட்ட வேண்டாம், விளிம்பு அடிக்கிற வேலை மிச்சம். நாலடி ஜன்னலுக்கு இரண்டு துண்டும் வேண்டும், சுருக்கம் இல்லாத திரை கொடியில் காயப்போட்ட துணிதான். மிச்சம் மூன்றடி இருக்கும், அதில் ஒரு தலையணை உறை. பலமுறை துவைத்த துணி என்பதால் இனி சுருங்காது. புதுப் பருத்தி என்றால் தைப்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காயவைத்தே தீர வேண்டும்.

மேற்கு பார்த்த ஜன்னலுக்கு மட்டும் பின்பக்கம் காடாத் துணி வைத்துத் தையுங்கள். இல்லையென்றால் சாயங்கால வெயில் ஒரே கோடையில் மிச்ச நிறத்தையும் குடித்துவிடும்.

வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள் கரூர் பக்கம் போகும்போது பாருங்கள். வெளிநாட்டுக்குப் போகிற திரை, மேஜை விரிப்பு, துண்டு எல்லாம் அங்கே நெய்து தைக்கிறார்கள். ஏற்றுமதியில் மிஞ்சியதை விற்கிற கடைகளில் வெளிர் நிறம் நிறையவே கிடைக்கும். நம் ஊர்க் கடைகளில் கேட்டால், "அழுக்குத் தாங்காதும்மா" என்று அரக்கையும் நீலத்தையும் எடுத்துப் போடுவார்கள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைக்கிற வீட்டில் சோபாவுக்கு வெளிர் உறை போடாதீர்கள். ஒரே வாரத்தில் தலை சாய்கிற இடத்தில் வட்டம் விழும். வெளிர் நிறம் கைபடாத இடத்தில் இருக்கட்டும்: திரை, சுவரின் மேல்பாதி, கட்டிலின் கால்மாட்டு விரிப்பு. உட்காருகிற இடத்துக்குப் பவானி ஜமுக்காளம்.

ஆஸ்பத்திரி மாதிரி ஆகாமலிருக்க வழி சொல்கிறேன் என்றேனே. குழந்தைக்குப் பவுடர் போட்டுவிட்டுக் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்போம் இல்லையா, அது மாதிரி வெளிர் நிற அறைக்கு ஒரு கறுத்த பொருள் வேண்டும். எங்கள் வீட்டில் அது அத்தையின் பழைய ஆட்டுக்கல். அரைப்பதில்லை, ஓரமாகக் கிடக்கிறது. உங்களிடம் தேக்கு முக்காலி, இரும்புப் பெட்டி, துலக்காத பித்தளைக் குடம் எது இருந்தாலும் சரி. ஒன்று போதும், இரண்டாவது வந்தால் பொட்டு அப்பிய மாதிரி.

பூவுக்கு நான் மெனக்கெடுவதில்லை. சித்திரையில் குண்டுமல்லி மலிந்து கிடக்கும். சாத்தார வீதியில் கொஞ்சம் மல்லியும் பன்னீர் ரோஜாவும் வாங்கி, உருளித் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தரையில் வைத்தால் சிவப்புத் தரைக்கு அதுவே நிறம். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கொசு வரும். தெருவில் புங்கமரம் இருந்தால் காலையில் பெருக்குவதற்கு முன்னால் வாசலைப் பாருங்கள். பொரி இறைத்த மாதிரி வெள்ளையும் லேசான ஊதாவுமாகக் கிடக்கும். நான் அந்தப் பக்கத்தை மட்டும் பெருக்காமல் விட்டு, மிச்ச இடத்தில் கோலம் போடுகிறேன்.

கடைசி வேலை ஒன்று. மிஞ்சிய பெயிண்ட்டைக் காற்றுப் புகாத பாட்டிலில் ஊற்றி, நிறத்தின் எண்ணையும் அடித்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். சுவிட்சைச் சுற்றி விரல் தடம் விழும், நாற்காலி முதுகு உரசும், சின்னத் தூரிகையால் தொட்டுவிட்டால் போதும். முதல் வருஷம் நான் எழுதி வைக்கவில்லை. இரண்டாவது வருஷம் எழுதி, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், பக்கத்திலேயே அந்த ரவிக்கை பிட்டிலிருந்து ஒரு சின்னத் துண்டும்.